நேர்ப்புள்ளி ஏழு, நாலில் நிற்குமா?

கணக்கு வாத்தியார் (மஞ்சக்குப்பம், கடலூர்)
நேற்று இங்கே பூக்கோலம் அம்மா ஒரு கலர் கோலப் படம் போட்டிருந்தார். சின்ன வாசல் கோலம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழே குறிப்பு: "நேர்ப்புள்ளி 7, 4ல் நிறுத்தவும். பத்து நிமிஷத்தில் முடியும்." ஆளாளுக்கு 'சூப்பர் அக்கா' போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருவராவது புள்ளி வைத்துப் பார்த்தீர்களா? நேர்ப்புள்ளியைக் குறைத்துக்கொண்டே போனால் வரிசைக்கு இரண்டு குறையும். 7, 5, 3, 1. இதில் 4 எங்கே வந்தது? 7, 6, 5, 4 என்று போனால் அது ஊடுபுள்ளி. தெரியாமல் ஊருக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

பூக்கோலம் (முத்தியால்பேட்டை, பாண்டி)
வணக்கம் சார். படத்தை நன்றாகப் பாருங்கள். புள்ளி எல்லாம் நேராகத்தான் இருக்கிறது, ஒன்றுகூடக் கோணல் இல்லை. இருபது வருஷமாக வாசல் தெளிக்கிறேன். நேர் எது, கோணல் எது என்று எனக்குத் தெரியும்.

கணக்கு வாத்தியார்
கோணல் என்று யாரம்மா சொன்னது? புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவில், சந்தில் வைத்தால் ஊடுபுள்ளி. சந்துப்புள்ளி என்றே சொல்கிற வீடுகள் உண்டு. உங்கள் படத்தில் எண்ணிவிட்டேன். நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழேயும் 6, 5, 4. மொத்தம் 37. நேர்ப்புள்ளியில் 1 வரைக்கும் இறங்கினாலும் 25தான் வரும்.

பூக்கோலம்
36. ஓரத்தில் ஒன்றைப் பால்காரர் மிதித்துவிட்டார். அதைக்கூடச் சரியாக எண்ணவில்லை, இதில் கணக்கு வாத்தியாராம். குறுக்கே பார்த்தாலும் நேர்கோடு, சாய்வாகப் பார்த்தாலும் நேர்கோடு. அப்புறம் நேர்ப்புள்ளி இல்லாமல் வேறென்ன?

கெடிலக்கரை
சார், 7 புள்ளி 4 வரிசை என்று வைத்துக்கொண்டால் நேர்ப்புள்ளியே வருமே? 28 புள்ளி.

கணக்கு வாத்தியார்
தம்பி, அது பாய். வாசலில் பாய் விரிக்கவா சொன்னார்கள்? படத்தில் ஆறு இதழ்ப் பூ இருக்கிறது. ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி சம தூரத்தில் நிற்பது ஊடுபுள்ளியில்தான். நேர்ப்புள்ளியில் நாலு இதழ், எட்டு இதழ் என்றுதான் லேசாக வரும். 7-4, 9-5, 11-6, 15-8. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றால் பெரும்பாலும் ஊடுபுள்ளிதான். கோலத்தில் கணக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியவர்.

பூக்கோலம்
அவர் எழுதினார், பெருமைதான். அதற்கு நீங்கள் ஏன் மார்தட்டுகிறீர்கள்? நீங்கள் என்றைக்காவது வாசல் பெருக்கியது உண்டா சார்?

லாஸ்பேட்டை அக்கா
புள்ளிச் சண்டை இருக்கட்டும். அந்தக் கலர் ஏன் கரையோரம் திட்டுத் திட்டாக ஊறியிருக்கிறது? தண்ணீர் தெளித்த கையோடு கலர் தூவினால் அப்படித்தான் படரும். புள்ளியும் கோடும் லேசான ஈரத்தில் போட வேண்டும், அப்போதுதான் மாவு பிடிக்கும். கலருக்குத் தரை காய வேண்டும். கலர் பொடியோடு கொஞ்சம் கோலமாவு கலந்து டீ வடிகட்டியில் தட்டினால் ஒரே சீராக விழும். கடைசியில் ஓரத்துக்கு மறுபடி வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூ மங்கிப்போகும். நம் ஊர்க் கடல்காற்றுக்கு உப்புத்தூள் கலந்தால் இன்னும் நல்லது, கனம் இருக்கும், பறக்காது. பத்து நிமிஷம் எல்லாம் சும்மா.

பழையநகர்
கலரே எதற்கு என்கிறேன். பச்சரிசி மாவில் போட்டால் எறும்பு தின்னும், குருவி தின்னும். இப்போது எல்லாமே கல்மாவு. எறும்பு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இதற்குப் பேர் கோலமா?

கெடிலக்கரை
ஆண்டாள் மணலைத்தான் சொல்கிறாள். நாச்சியார் திருமொழி முதல் பாட்டு, நுண்மணல் கொண்டு தெரு அணிந்து. அதை எந்த எறும்பு தின்றது?

பழையநகர்
ஆண்டாளை இழுக்காதீர்கள். அப்புறம் நானும் பேசவேண்டி வரும்.

கணக்கு வாத்தியார்
எறும்பு இருக்கட்டும். ஏழுக்கு அப்புறம் நாலு எப்படி வந்தது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முள்ளோடை எல்லையைத் தாண்டிப் பாண்டிக்குள் போனால் பெட்ரோல்தான் மலிவு என்று நினைத்தேன். புள்ளிக் கணக்கும் மலிவா?

பூக்கோலம்
ஓ, இப்போது ஊர்ச் சண்டையா? கலர் பொடி வாங்க எங்கள் பெரிய மார்க்கெட்டுக்குத்தானே பை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்?

கணக்கு வாத்தியார்
திருப்பாதிரிப்புலியூரில் இல்லாத பொடியா? கடலூரில் கோலத்துக்குக் குறைச்சல் வந்தது ஒரே ஒரு நாள்தான். 2011 டிசம்பர் 30, தானே புயல். மார்கழி விடிகாலை. வாசல் தெரியவில்லை, தெருவே முருங்கை மரமும் மாமரமுமாக விழுந்து கிடந்தது. அன்றைக்குக்கூட என் வீட்டம்மா மதியம் மழை விட்டதும் கதவுக்கு உள்ளே மூன்று புள்ளி வைத்து ஒரு இழை இழுத்தாள்.

லாஸ்பேட்டை அக்கா
பாண்டியில் மட்டும் என்ன தென்றலா அடித்தது?

பூக்கோலம்
சார், இப்போதுதான் புரிகிறது. போன பொங்கல் போட்டியில் கையில் அளவுநாடாவோடு நின்ற நடுவர் நீங்கள்தானே? என் கோலத்துக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அன்றையிலிருந்து இந்தக் கடுப்பு.

கணக்கு வாத்தியார்
எனக்கு எந்தக் கடுப்பும் இல்லை. அந்தக் கோலத்தின் சீட்டிலும் 'நேர்ப்புள்ளி' என்றுதான் எழுதியிருந்தது. அதுவும் ஊடுபுள்ளி.

பூக்கோலம்
பார்த்தீர்களா! ஒப்புக்கொண்டார்! எல்லாரும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை
என்ன ஒப்புக்கொண்டார்?

பழையநகர்
அரிசி மாவைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கணக்கு வாத்தியார்
கடைசியாகச் சொல்கிறேன். 37 புள்ளி. ஊடுபுள்ளி.

பூக்கோலம்
36. நேர்ப்புள்ளி. நாளைக்குக் கார்த்திகை விளக்குக் கோலம் போடுகிறேன், குறிப்பை இப்போதே எழுதிவிடுகிறேன்: நேர்ப்புள்ளி 9, 5ல் நிறுத்தவும்.

கணக்கு வாத்தியார்
அம்மா, அது 61 வரும். 9, 7, 5 என்று நேர்ப்புள்ளியாகவே இறங்கி 5ல் நிறுத்தினால் 33தான், விளக்கு அதில் உட்காராது. ஒரு தாளில் வைத்துப் பாருங்கள். வைத்தீர்களா?

லாஸ்பேட்டை அக்கா
அந்த டீ வடிகட்டியைத் திரும்ப டீக்கு எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் பச்சை டீ வந்தது.