உதவி: மரங்களுக்கு நடுவே நேராகப் போகிற டிரைவர் (தூரமாக வீசுகிற டிஸ்க்) எது? அவசரம்

குரங்குச்சாவடிக்காரன் · வெள்ளி இரவு 9:12
வணக்கம். ஏற்காட்டில் மாமாவின் எஸ்டேட்டில் டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் போடுகிற ஆட்டம்) கூடை ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் சில்வர் ஓக், நடுவே வண்டிப்பாதை. நீளம் 90 மீட்டர் இருக்கும், அகலம் ஒரு ஜீப் போகிற அளவுதான். டிஸ்க் பாதி தூரம் அழகாகப் போகிறது, அப்புறம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மரத்தில் அடிக்கிறது. எப்போதும் இடதுதான். நேராகப் போகிற நல்ல டிரைவராக ஒன்று சொல்லுங்கள். அண்ணன் அமெரிக்காவிலிருந்து வருகிறார், இன்று இரவுக்குள் அவரிடம் பெயர் சொல்லியாக வேண்டும்.

மூடுபனி · 9:20
இப்போது வீசுவது என்ன டிஸ்க்? எத்தனை கிராம், என்ன பிளாஸ்டிக்? வெட்டவெளியில் வீசினால் எவ்வளவு தூரம் போகும்? இதெல்லாம் தெரியாமல் பெயர் சொல்வது ஜாதகம் பார்க்காமல் பொருத்தம் சொல்கிற மாதிரி.

தாரமங்கலம்_தட்டு · 9:23
வலது கையா, இடது கையா? பேக்ஹேண்டா, ஃபோர்ஹேண்டா?

சங்கிலிச்சத்தம் · 9:31
தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். படிக்க மாட்டீர்கள், எனவே சொல்கிறேன். டெஸ்ட்ராயர் மாதிரி, வேக எண் 12 உள்ள டிஸ்க் ஒன்றைக் கையில் வைத்திருப்பீர்கள். அதன் விளிம்பு 2.2 சென்டிமீட்டர் அகலம். அதைப் பறக்க வைக்க நூறு மீட்டருக்கு மேல் வீசுகிற கை வேண்டும். அந்த வேகம் கொடுக்காவிட்டால் நேராகப் போகிற கட்டமே வராது, கடைசியில் நடக்க வேண்டிய இடது சாய்வு பாதியிலேயே தொடங்கிவிடும். வேகம் குறைந்த டிஸ்க் வாங்குங்கள். அதைவிட நல்லது, டிரைவரே வாங்காதீர்கள். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடல் அமைத்தபோது சரிவு விளிம்பு டிஸ்க்கே கிடையாது. அது 1983இல்தான் வந்தது. அதுவரை சாதாரண ஃபிரிஸ்பியை வைத்துத்தான் மரங்களுக்கு நடுவே ஆடினார்கள்.

தாரமங்கலம்_தட்டு · 9:34
அவர் டெஸ்ட்ராயர் என்று எங்கே சொன்னார்?

சங்கிலிச்சத்தம் · 9:36
சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் புதியவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

காப்பிக்கொட்டை · 9:41
டிஸ்க் எதுவாக இருந்தாலும் சரி, முக்கியமான விஷயத்தை யாரும் பேசவில்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிதாக இருக்கும். மெலிந்த காற்றில் டிஸ்க் மிதப்பது குறையும், ஆரம்பத்தில் புரள்வதும் (முடிவில் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கவிழ்வது) குறையும், முடிவில் சாய்வது மட்டும் தெளிவாகத் தெரியும். சேலத்தில் நேராகப் போகிற டிஸ்க் மேலே இடது பக்கம் விழத்தான் செய்யும். எனவே மேலே ஆடுபவர்கள் ஒரு படி அதிகம் புரளுகிற டிஸ்க் வாங்க வேண்டும். லெப்பர்ட் வாங்குங்கள். வேகம் 6, மிதப்பு 5, புரள்வு −2, சாய்வு 1.

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ் · 9:52
காப்பிக்கொட்டை சார், சேலம் ஊரே கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் காற்றின் அடர்த்தியில் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். 90 மீட்டர் வீச்சில் அதை உணரக்கூடியவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். புதியவர்களிடம் பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்கின் மூக்கு, அதாவது முன் விளிம்பு, மேல்நோக்கி இருக்கும். பாதி தூரம் ஏறி, வேகம் செத்து, சாய்ந்து விழும். எந்த டிஸ்க் வாங்கினாலும் அது மாறாது. வீசும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி வையுங்கள்.

காப்பிக்கொட்டை · 9:58
பத்தில் ஒரு பங்கு சின்ன விஷயமா? உங்கள் பென்ஷனில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் தெரியும்.

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ் · 10:03
அது வேறு கணக்கு. மலையில் குளிரும் உண்டு, குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அதையும் சேர்த்துத்தான் பத்தில் ஒன்று என்றேன்.

தாரமங்கலம்_தட்டு · 10:05
எந்தக் கை என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

மிளகுக்கொடி · 10:17
டிஸ்க் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, என் பையன்தான் ஆடுகிறான். ஆனால் நாங்களும் ஏற்காட்டில் காப்பி வைத்திருக்கிறோம், அதனால் இரண்டு வார்த்தை. பச்சை நிறத்தில் வாங்காதீர்கள், காப்பிச் செடிக்குள் விழுந்தால் அது செடியோடு செடிதான். ஆரஞ்சு, ரோஸ் நல்லது. மழை பெய்து மார்ச், ஏப்ரலில் பூ வரும்போது டிஸ்க் தேடுகிறேன் என்று செடிக்குள் நுழையாதீர்கள். சாயங்காலம் காட்டெருமை வரும், அதுகள் போனபிறகு தேடினால் போதும். அப்புறம், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தால் மாமாவிடம் கேட்டுவிட்டு வீசுங்கள்.

தட்டுவடை_பிரியன் · 10:22
அக்கா, நாலு பூ உதிர்ந்தால் என்ன ஆகிவிடும்?

மிளகுக்கொடி · 10:25
ஒரு பூ ஒரு பழம், தம்பி. கொத்துக்கு எத்தனை என்று வந்து எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு, உதிர்ந்ததற்குக் காசு நீங்களே கொடுத்துவிடலாம்.

தட்டுவடை_பிரியன் · 10:26
வேண்டாம் அக்கா.

மூடுபனி · 10:40
கேள்வி கேட்டவர் வரட்டும், அதுவரை பொதுவாகச் சொல்லிவைக்கிறேன். இந்த மாதிரிக் குறுகலான பாதைக்கு 9 வேகத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். வேகமான டிஸ்க், வீசும் கோணத்தில் சின்னப் பிழை இருந்தாலும் அதைப் பெரிதாகக் காட்டும். 7 வேகத்தில் டீபேர்ட் (வேகம் 7, மிதப்பு 5, புரள்வு 0, சாய்வு 2), டிஎல் (7, 5, 0, 1) இரண்டும் நேருக்குப் பேர்போனவை. அந்தத் தூரத்துக்குக் கை வராவிட்டால் டிஸ்கிராஃப்ட் பஸ்ஸ் மாதிரி மிட்ரேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்) போதும், 90 மீட்டரில் 75 நேராகப் போவது 85 போய் மரத்துக்குள் நுழைவதைவிட மேல். இன்னொன்று, கல்யாண முருங்கை நிழலுக்கு நட்டிருந்தால் அதன் கிளை தாழ்வாக வரும். அங்கே உயரமாக மிதக்கிற டிஸ்க் உதவாது, தாழ்வாக வீச வேண்டும்.

குரங்குச்சாவடிக்காரன் · சனி காலை 6:50
மன்னிக்கவும், போன் சார்ஜ் இல்லாமல் தூங்கிவிட்டேன். இடது கை, பேக்ஹேண்ட். டிஸ்க் லெப்பர்ட்தான். அடியில் 150 என்று எழுதியிருக்கிறது, டிஎக்ஸ் பிளாஸ்டிக். அண்ணன் அங்கே படிக்கும்போது ஆடியது, விளிம்பெல்லாம் பள்ளம். ஸ்கூல் கிரவுண்டில் 85 மீட்டர் போகும். அண்ணன் விமானம் ஏற இன்னும் நேரம் இருக்கிறது.

தாரமங்கலம்_தட்டு · 6:58
இடது கை! இதைத்தான் நேற்று 9:23க்குக் கேட்டேன்.

மூடுபனி · 7:15
அப்படியானால் நேற்று பேசியது எல்லாம் தலைகீழ். வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க் கடிகார முள் திசையில் சுற்றும், முடிவில் இடது பக்கம் சாயும். இடது கையில் எதிர்த்திசை, முடிவில் வலது பக்கம்தான் சாய வேண்டும். உங்களுக்கு இடது பக்கம் போகிறது என்றால் அது சாய்வு இல்லை, புரள்வு. டிஸ்க் பாதியில் கவிழ்ந்து, நேருக்குத் திரும்பாமலே தரைக்கு வருகிறது. காரணமும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். லெப்பர்ட் புதிதாக இருக்கும்போதே −2. 150 கிராமில் இன்னும் புரளும். டிஎக்ஸ் மலிவான மென்மையான பிளாஸ்டிக், மரத்தில் நாலு அடி வாங்கினாலே தன்மை மாறும், உங்கள் டிஸ்க் ஒரு கல்லூரிக் காலம் முழுக்க அடி வாங்கியிருக்கிறது. 85 மீட்டர் வீசுகிற கைக்கு அது தாங்காது.

அண்ணனிடம் டீபேர்ட் சொல்லுங்கள், 168லிருந்து 172 கிராமுக்குள், சாம்பியன் அல்லது ஸ்டார் பிளாஸ்டிக். மரத்தில் அடித்தாலும் சீக்கிரம் மாறாது. முடிவில் வலது பக்கம் கொஞ்சம் வரும், அது தெரிந்த சாய்வு, கணக்கு வைத்துக்கொள்ளலாம். டீபேர்ட் முரடாகத் தெரிந்தால் டிஎல்.

அவர் வரும் வரைக்கும் பழைய லெப்பர்டையே கையில் சாய்த்து வீசிப் பாருங்கள், உடம்புக்கு அப்பால் இருக்கும் விளிம்பு தாழ்ந்திருக்கும்படி. அது நிமிர்ந்து நேராகி, அப்படியே கொஞ்ச தூரம் போகும். முழு பலத்தையும் போடாதீர்கள்.

சங்கிலிச்சத்தம் · 7:30
வேகம் குறைந்த டிஸ்க் என்று நானும் நேற்றே சொன்னேன்.

தாரமங்கலம்_தட்டு · 7:32
லெப்பர்ட் 6, டீபேர்ட் 7. கூடியிருக்கிறது, அண்ணா.

சங்கிலிச்சத்தம் · 7:35
டெஸ்ட்ராயரோடு ஒப்பிட்டுச் சொன்னேன்.

காப்பிக்கொட்டை · 7:48
கவனியுங்கள். மலையிலேயே இவ்வளவு புரள்கிறது என்றால் கீழே அடர்த்தியான காற்றில் இன்னும் புரள வேண்டும். ஸ்கூல் கிரவுண்டில் என்ன ஆகிறது என்று தம்பி சொன்னால் என் கருத்து நிரூபணமாகிவிடும்.

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ் · 7:55
நேற்று நீங்கள் அவருக்கு வாங்கச் சொன்னது லெப்பர்ட்.

காப்பிக்கொட்டை · 7:56
வலது கைக்குச் சொன்னேன்.

கன்னங்குறிச்சி_காற்று · 8:20
பாதை எந்தப் பக்கம் பார்க்கிறது? சேலம் பக்கமாக இறக்கத்தில் இருந்தால் பகலில் சரிவு வழியே காற்று மேலே ஏறி வரும், அதாவது உங்களுக்கு எதிர்காற்று. எதிர்காற்றில் எந்த டிஸ்க்கும் தன் வேகத்தைவிட வேகமாகப் பறப்பது போல நடந்துகொள்ளும், இன்னும் அதிகமாகப் புரளும். மதியம் வீசிப் பார்த்து டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். காற்று எழும் முன் காலையில் வீசிப் பாருங்கள். மூடுபனி இருந்தால் ஒரு துண்டும் எடுத்துப் போங்கள், ஈர விளிம்பு கையில் நழுவும்.

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ் · 8:31
இது நியாயமான கேள்வி.

குரங்குச்சாவடிக்காரன் · ஞாயிறு காலை 9:05
டீபேர்ட் 170, ஆரஞ்சு, சொல்லிவிட்டேன். பாதை சேலம் பக்கம்தான் பார்க்கிறது. இன்று காலை பழையதையே சாய்த்து வீசினேன், மரத்தில் படாமல் கூடைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எல்லாருக்கும் நன்றி.

காப்பிக்கொட்டை · 9:11
ஸ்கூல் கிரவுண்டில் என்ன ஆகிறது?

மூடுபனி · 9:30
மகிழ்ச்சி. டீபேர்ட் வந்ததும் முதல் வாரம் கிரவுண்டில் வீசிப் பழகிவிட்டு அப்புறம் மலைக்கு எடுத்துப் போங்கள்.

காப்பிக்கொட்டை · செவ்வாய் இரவு 8:40
தம்பி, கிரவுண்ட்?

தட்டுவடை_பிரியன் · 9:02
அவர் இனி வர மாட்டார், சார். தம்பி, படித்தால் சொல்லுங்கள், அந்தப் பழைய லெப்பர்டைக் கொடுப்பீர்களா? என் பெண்ணுக்குப் பத்து வயது, லேசான டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறேன். குரங்குச்சாவடிக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.