போஸ்ட்ஜிஐஎஸ் சேர்த்தாச்சு, ஆனா 300 மீட்டர்னு கேட்டா எல்லா வரியும் வருது

கொருக்குப்பேட்டைக்காரன்:

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் மழைக்குத் தண்ணி தேங்குற இடமெல்லாம் ஒரே டேபிள்ல இருக்கு. சுமார் 4,200 வரி. உபுண்டு 24.04, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 16. அட்சரேகை ஒரு காலம் (நெடுவரிசை), தீர்க்கரேகை ஒரு காலம், ரெண்டும் சாதா எண். இதுல கேப்டன் காட்டன் கால்வாய்க்கு 300 மீட்டருக்குள்ள இருக்குறது எதெதுன்னு எடுக்கணும். கால்வாய்க் கோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து இறக்கி ஏத்தியாச்சு.

போஸ்ட்ஜிஐஎஸ், அதாவது போஸ்ட்கிரெஸ்ல இடக்கணக்கு போடுற நீட்சி, அதைச் சேர்க்க கிரியேட் எக்ஸ்டென்ஷன் ஓட்டினப்ப முதல்ல கண்ட்ரோல் ஃபைலைத் திறக்க முடியலன்னு எரர். பேக்கேஜ் போட்டதும் அது போச்சு. இப்போ சோதனை டேட்டாபேஸ்ல எல்லாம் ஓடுது, அப்ளிகேஷன் டேட்டாபேஸ்ல புள்ளியை உருவாக்குற எஸ்டி_மேக்பாயிண்ட்னு ஒரு ஃபங்ஷனே இல்லைங்குது. சோதனையிலயும், இத்தனை தூரத்துக்குள்ள இருக்கான்னு பார்க்குற எஸ்டி_டிவிதின்ல 300 கொடுத்தா 4,200 வரியும் வந்து விழுது. எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி போட்டு ரெண்டு டேபிளோட எஸ்ஆர்ஐடியையும் (எந்த ஆயமுறைன்னு சொல்ற எண்) 32644 ஆக்கினேன், அப்பவும் அதே கதைதான். எங்கே தப்பு அண்ணே? பேசாம மைஎஸ்கியூஎல்லுக்குப் போயிடவா?

காசிமேடு தரவு:

ஃபங்ஷன் இல்லைங்குற எரர் சின்ன விஷயம். பேக்கேஜ் சர்வருக்கு ஒரு தடவை போட்டா போதும், கிரியேட் எக்ஸ்டென்ஷனை மட்டும் ஒவ்வொரு டேட்டாபேஸ்லயும் தனித்தனியா ஓட்டணும். சூப்பர்யூசரா நுழைஞ்சு ஓட்டுங்க, சாதா யூசருக்கு அனுமதி கிடைக்காது. பேக்கேஜ் பேர்ல இருக்குற 16, சர்வரோட 16 ஆகவே இருக்கணும். கண்ட்ரோல் ஃபைல் எரருக்குப் பாதிக் காரணம் அந்த எண் பொருந்தாததுதான். முடிஞ்சதும் போஸ்ட்ஜிஐஎஸ்_ஃபுல்_வெர்ஷன் ஓட்டிப் பாருங்க.

300 மீட்டர் விஷயம்தான் முக்கியம். 4326ல, அதாவது டிகிரி ஆயமுறையில, ஜியோமெட்ரி வச்சிருந்தா எஸ்டி_டிவிதின் 300ஐ டிகிரியா எடுத்துக்கும். 300 டிகிரிக்குள்ள உலகமே அடங்கிடும், அதான் எல்லா வரியும் வருது.

அதுக்கு நீங்க செட்எஸ்ஆர்ஐடி போட்டது மருந்தில்லை. அது லேபிளை மட்டும் மாத்தும், எண்ணைத் தொடாது. தண்டையார்பேட்டையில ஒரு புள்ளி 80.289, 13.125னு வைங்க. 32644ல, அதாவது யூடிஎம்ங்குற மீட்டர் ஆயமுறையோட 44 வடக்கு மண்டலத்துல, அது கிழக்கே சுமார் 4,23,000 மீட்டர், வடக்கே சுமார் 14,51,000 மீட்டர்னு வரணும். நீங்க 80.289ஐ அப்படியே வச்சுக்கிட்டு மீட்டர்னு லேபிள் ஒட்டிட்டீங்க. இப்போ மொத்த வடசென்னையும் ஒரு மீட்டருக்குள்ள சுருங்கிக் கிடக்குது, 300 எப்படிப் பத்தாம போகும்? எண்ணையே மாத்துறது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம். வரிசை இதுதான்: எஸ்டி_மேக்பாயிண்ட், அதுக்கு மேல எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி 4326, அதுக்கு மேல எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் 32644. காலத்தை ஜியோமெட்ரி, பாயிண்ட், 32644னு வகை குறிச்சே உருவாக்குங்க, தப்பான எஸ்ஆர்ஐடி வந்தா உள்ளேயே விடாது. கால்வாய் டேபிளை 4326லிருந்து திரும்ப ஏத்தி, அதையும் டிரான்ஸ்ஃபார்ம் பண்ணுங்க.

மேக்பாயிண்ட்ல தீர்க்கரேகைதான் முதல்ல. மாத்திக் கொடுத்தா எரர் வராது, புள்ளி மட்டும் ஸ்வால்பார்டு தீவுக்கு வடக்கே கடல்ல போய் உக்காந்துக்கும்.

44ஆம் மண்டலத்தோட நடுக்கோடு 81 டிகிரி. நம்ம பக்கம் அதுக்கு ரொம்பக் கிட்ட இருக்குறதால 300 மீட்டர்ல பிழை சுமார் 10 செ.மீ.தான், தைரியமா நம்பலாம்.

எண்ணூர்க்கழி:

மேலே சொன்னது சரி. இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு.

கால்வாய் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஒரே கோடா இருக்காது, பாலம், தெரு வர்ற இடத்துல துண்டு துண்டா இருக்கும். நேரா ஜாயின் பண்ணினா துண்டு சேர்ற இடத்துக்குப் பக்கத்துப் புள்ளி ரெண்டு மூணு தடவை வரும். எக்ஸிஸ்ட்ஸ் வச்சு எழுதுங்க, ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவைதான் வரும். எஸ்டி_டிஸ்டன்ஸ் கண்டுபிடிச்சு 300ஐ விடக் குறைவான்னு ஒப்பிடாதீங்க, அது ஜிஸ்ட் இண்டெக்ஸை (இடத்தேடலை வேகமாக்குற இண்டெக்ஸ்) தொடாது. டிவிதின் தொடும். இண்டெக்ஸ் போட்டதும் அனலைஸ் ஓட்டுங்க. ஆனா 4,200 வரிக்கு எக்ஸ்ப்ளெயின்ல சீக்வென்ஷியல் ஸ்கேன்னு, அதாவது முழு டேபிளையும் வரிசையா படிக்குதுன்னு, வந்தாலும் கவலைப்பட வேண்டாம், அவ்வளவு சின்ன டேபிளுக்கு அதுவே வேகம்.

மைஎஸ்கியூஎல் 8லயும் இது முடியும். ஆனா அங்கே 4326 புள்ளியை டெக்ஸ்டா கொடுத்தா அட்சரேகைதான் முதல்ல. ஒரு குழப்பத்துல இருந்து தப்பிச்சு இன்னொண்ணுல மாட்டுவீங்க.

கொருக்குப்பேட்டைக்காரன்:

சரியாயிடுச்சு அண்ணே, இப்போ 611 வரி வருது. ஆனா மொத்த டேபிளையும் வரைபடத்துல பார்த்தா முப்பது நாப்பது புள்ளி மதுரவாயல் பக்கம் கிடக்குது. அது நம்ம ஏரியாவே இல்லையே?

காசிமேடு தரவு:

அது டிகிரி, நிமிடம், விநாடி சங்கதி. 13° 07′ 30″, 80° 17′ 20″னு ஃபோன் காட்டினதை யாரோ 13.0730, 80.1720னு அடிச்சிருக்காங்க. சரியான மதிப்பு 13.1250, 80.2889. வடக்கு தெற்கா கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல நகர்ந்துடுச்சு.

உங்க ஏரியாவுக்கு இதைப் பிடிக்கிறது சுலபம். வியாசர்பாடியில இருந்து காசிமேடு வரைக்கும் உண்மையான தீர்க்கரேகை எல்லாமே 80.2ஐத் தாண்டித்தான் இருக்கும். தப்பா அடிச்சது 80.14லிருந்து 80.19க்குள்ள விழும். அதனால 80.2க்குக் கீழே இருக்குற வரியை மட்டும் எடுத்துத் திருத்துங்க: 80ஐக் கழிச்சு 10,000ஆல பெருக்கி, முதல்ல ரவுண்ட் பண்ணுங்க. 1720 வரும். கடைசி ரெண்டு இலக்கம் விநாடி, அதுக்கு முன்னால இருக்குறது நிமிடம். ரவுண்ட் பண்ணாம வெட்டினா மிதவை எண் 1719ன்னு கொடுத்து ஒரு விநாடி குறைஞ்சுடலாம், அது இங்கே 30 மீட்டர். 300 மீட்டர் கணக்குல 30 மீட்டர் போனா ஒரு தெருவே விட்டுப்போகும். அதே வரியில அட்சரேகையையும் இதே மாதிரி (80க்குப் பதிலா 13ஐக் கழிச்சு) திருத்தணும், அது தனியா பார்த்தா தப்புன்னே தெரியாது, 13.0730 எழும்பூர் அட்சரேகைதான்.

எண்ணைத் திருத்தினதும் ஜியோமெட்ரி காலத்தையும் அந்த வரிகளுக்கு அப்டேட் பண்ணுங்க, தானா மாறாது.