சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் வைக்க எந்த டப்பா தாங்கும்?

வணக்கம் நண்பர்களே. கொடுவா மீனுக்குப் போடும் 4 இன்ச் பேடில் டெயில் லூர்களை (துடுப்பு மாதிரி வால் உள்ள மென்மையான செயற்கை இரை) பத்திரப்படுத்த யோசனை வேண்டும். டேக்கிள் பாக்ஸில் (தூண்டில் சாமான் பெட்டி) கவர் இல்லாமல் போட்டவை அடியில் ஒட்டிக்கொண்டன. பிய்த்தெடுத்தால் டப்பாவின் தரையே இளகி, வாலின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. பி.வி.சி. லூரை மிருதுவாக்கும் எண்ணெய், பாலிஸ்டைரீன் மாதிரி கெட்டி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். எலாஸ்டெக் ரகத்தை (நன்றாக இழுபடும் வேறு வகை பிளாஸ்டிக் லூர்) பி.வி.சி.யோடு சேர்க்கவே கூடாது, உருகிக் கூழாகிவிடும். அது வந்த கவரிலேயே தனியாக இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் வெள்ளைக்குச் சாயம் ஏற்றும், எனவே நிறவாரியாகவும் பிரித்தாயிற்று.

வளைந்த வாலுக்குக் கவலையில்லை. கொதித்து இறக்கிய வெந்நீரில் அரை நிமிடம் விட்டு, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் சரியாகிவிடும். அப்படியே விட்டால்தான் லூர் சுழன்று லைனை முறுக்கும்.

இப்போது கேள்வி: முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரொப்பிலீன் டப்பா, வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் தாங்குமா? உப்பு சேர்த்த லூரில் ஜிக் ஹெட்டை (எடைத் தலை வைத்த கொக்கி) மாட்டியே வைத்தால் கொக்கி துருப்பிடிக்கிறது; அடிக்கடி கழற்றினால் லூரின் மூக்கு கிழிகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்? டப்பாவின் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.