பிரான்சிஸ் கோவிலில் செல்வி (எங்கள் குடும்பக் குழு)

செல்வி, காலை 10:12
கொச்சிக் கோட்டைக்கு வந்துவிட்டோம். கோவில் வாசலில் நிற்கிறோம். உயரமாக இரண்டு வெள்ளைக் கோபுரம். பெரியப்பா சொன்னது இதுதானே?
[படம்]

பெரியப்பா
இல்லை செல்வி, அது சாந்தா குரூஸ் பசிலிக்கா. அதுவும் அழகுதான். நான் சொன்னது பிரான்சிஸ் கோவில். கடல் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பெரிய கோபுரம் எதுவும் கிடையாது. முகப்பில் 1923இல் வைத்த கடிகாரம் இருக்கும். முதல் உலகப் போரில் இறந்த கொச்சிக்காரர்களுக்காக 1920இல் எழுப்பிய நினைவுச் சின்னமும் இருக்கும். அதுதான் அடையாளம்.

ஜெபா சித்தி
குடை பிடித்துக்கொண்டு போ. கவினுக்குத் தண்ணீர் கொடுத்தாயா?

செல்வி
கொடுத்தேன் சித்தி.

பிரபு
வாஸ்கோ ட காமா கல்லறை அங்கேதானே? படம் எடுத்து அனுப்பு செல்வி.

பெரியப்பா
அங்கேதான். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்தார், அந்தக் கோவிலில்தான் அடக்கம் செய்தார்கள். ஆனால் ஒரு 14 வருஷம் போல கழித்து எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் தம்பி. இப்போது இருப்பது கல் மட்டும், சுற்றிலும் கம்பி. வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கம்பியைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விடுகிறார்கள். கொச்சியில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். செல்வி, நீ உள்ளே போனதும் முதலில் அண்ணாந்து பார்.

செல்வி, 10:47
வந்துவிட்டோம். பெஞ்சுகளுக்கு மேலே நீளமாகத் துணி தொங்குகிறது, வரிசையாக. இது என்ன பெரியப்பா?
[படம்]

பெரியப்பா
பங்கா! கரண்டு இல்லாத காலத்து விசிறி. துணியைக் கட்டின சட்டத்தில் கயிறு மாட்டி, அந்தக் கயிற்றைச் சுவர் வழியாக வெளியே விட்டிருப்பார்கள். வெளியே ஆள் இருந்து இழுத்து இழுத்து விட்டால் எல்லாத் துணியும் சேர்ந்து ஆடும், உள்ளே ஆராதனையில் இருப்பவர்களுக்குக் காற்று வரும்.

செல்வி
கவின் கேட்கிறான்: இழுக்கிறவருக்கு யார் விசிறினார்கள்?

பெரியப்பா
நல்ல கேள்வி கேட்டான் என் பேரன். யாரும் விசிறியிருக்க மாட்டார்கள் கண்ணா. போதகர் பிரசங்கம் முடிகிறவரை அவர் கை ஓயக்கூடாது. அந்தக் கோவிலில் எத்தனையோ பேர் கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். பங்கா இழுத்தவர் ஒருவர் பெயரைக்கூட நான் பார்த்ததில்லை. எப்போது போனாலும் எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான் வரும்.

ஜெபா சித்தி
😔

பிரபு
கல் என்றால் கல்லறைக் கல்லா? அதை எங்கே வைத்திருக்கிறார்கள்?

பெரியப்பா
சுவரில். முதலில் எல்லாம் தரையில்தான் பதித்திருந்தது, ஜனங்கள் அதன்மேல்தான் நடந்தார்கள். 1886இல் பெயர்த்து எடுத்துச் சுவரில் நிறுத்தினார்கள். ஒரு பக்கச் சுவரில் போர்ச்சுகீசியர், எதிர்ச் சுவரில் டச்சுக்காரர். உயிரோடு இருந்தபோது சண்டை போட்டவர்கள், இப்போது எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். எழுத்தைத் தொடாமல் பார்க்கச் சொல் கவினை.

செல்வி
பார்த்துவிட்டோம். கப்பல், மண்டையோடு எல்லாம் செதுக்கியிருக்கிறது. அப்புறம், இந்தக் கோவில் முதலில் யாருடையது? பலகையில் நிறைய வருஷம் போட்டிருக்கிறது, எனக்குக் குழம்புகிறது.

பெரியப்பா
சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ச்சுகீசியர் 1503இல் கோட்டை கட்டியபோது உள்ளே மரத்தால் ஒரு சிறு கோவில். அதை 1516இல் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் செங்கல் வைத்து, ஓடு போட்டுக் கட்டினார்கள். அப்போது அது புனித அந்தோணியார் பெயரில் இருந்தது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். மற்றக் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றை அழித்தார்கள், இதை மட்டும் தங்கள் ஆராதனைக்கு வைத்துக்கொண்டார்கள். 1795இல் இங்கிலீஷ்காரன் வந்தான். 1804இல் டச்சுக்காரர்களே இங்கிலீஷ்காரர்களின் ஆங்கிலிகன் சபையிடம் கொடுத்துவிட்டார்கள். பிரான்சிஸ் என்ற பெயர் அதற்கு அப்புறம்தான். இப்போது நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைதான்.

பிரபு
ஒரே கட்டிடத்தில் மூன்று தேசத்து ஜனம் ஜெபித்திருக்கிறார்கள்!

பெரியப்பா
ஆமாம். அங்கே டச்சுக்காரர் காலத்துப் பதிவேடு ஒன்று உண்டு, ‘டூப் புக்’ என்பார்கள். 1751 முதல் 1804 வரை நடந்த ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எனக்குக் காமா கல்லைவிட அதுதான் பெரிது. கல்லில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் பிள்ளை பெற்ற வீடும் கல்யாணம் நடந்த வீடும் இருக்கிறது.

ஜெபா சித்தி
அண்ணா, போர்ச்சுகீசியர் காலத்துச் சுரூபம், பீடம் எல்லாம் என்ன ஆனது? உடைத்துவிட்டார்களா?

பெரியப்பா
இல்லை ஜெபா. அந்தப் பொருள்களைக் கத்தோலிக்கரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வைப்பீனில் ஒரு கோவில் கட்டிக்கொண்டார்கள். செல்வி, நேரம் இருந்தால் படகில் ஏறி அதையும் பார்த்துவிடு. சீன வலைக்குப் பக்கத்தில்தான் படகுத்துறை.

செல்வி, 11:35
கவின் பெஞ்சில் உட்கார்ந்து பங்காவையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். வெளியே சுவரைச் சுற்றிக் கயிறு வந்த இடத்தைத் தேட வேண்டுமாம்.
[படம்]

பெரியப்பா
தேடட்டும். அவசரப்படுத்தாதே. படகு நாள் முழுக்க உண்டு.