ரயில் சத்தம், கிரைண்டர் சத்தம் எல்லாம் இசையாகுமா?

கேள்வி
தண்டவாளத் தடதடப்பு, கிரைண்டர் உறுமல் எல்லாவற்றையும் இசையாகக் கேட்கலாம் என்கிறார்கள். பேச்சுக்குச் சொல்வதா, காதுக்குப் பிடிபட ஏதாவது இருக்கிறதா? போனில் பதிந்து கேட்டால் வெறும் இரைச்சல்தான். லூப் போட்டால், அதாவது ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், சுற்றுக்கு ஒரு ‘டிக்’ வேறு.

தட்டுக்கழி
ரயிலில் தாளம் கணக்காகவே இருக்கிறது. இணைப்பு வைத்த தண்டவாளம் ஒன்று 13 மீட்டர். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலை வகைப் பெட்டியின் போகியில் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி சுமார் 2.9 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் ‘தட-தட்’ இரண்டும் 0.17 விநாடி இடைவெளியில் விழும், 0.78 விநாடிக்கு ஒருமுறை அதே ஜோடி திரும்ப வரும். வேகம் கூடினால் காலப்பிரமாணம்தான் மாறும், விகிதம் மாறாது. பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் இது கிடைக்காது, இணைப்பே இல்லையே!

ஐந்துகட்டை
கிரைண்டருக்குச் சுருதியும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் காந்தம் மின்னோட்டத்தின் ஒவ்வொரு அலைக்கும் இருமுறை இழுப்பதால் முனகல் 100 ஹெர்ட்ஸில் நிற்கும். 5 கட்டைச் சுருதியில் கீழ் ஸ்தாயி ‘ஸ’, அதாவது மந்தர ஸட்ஜம், 98 ஹெர்ட்ஸ். தம்புரா ஆப்பை அதில் வைத்தால் விநாடிக்கு இருமுறை ‘வொவ் வொவ்’ என்று அலையும். அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றுங்கள், அலைச்சல் நின்றுவிடும். மாவு கெட்டியானால் கல் உருளும் வேகம் குறையும், முனகல் இறங்காது. கேட்க வேண்டியது அந்த முனகலைத்தான்.

வேவ்ஃபைல்
குற்றம் போன்மேல். பேச்சுக்காக வைத்த இரைச்சல் நீக்கம் முனகலை அழித்துவிடும். தானியங்கி லெவல் அடியையும் பின்னணியையும் ஒரே மட்டமாக்கிவிடும். இரண்டையும் அணைக்கவிடும் ஆப்பில், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, உச்சம் −12 டெசிபெல் தாண்டாமல் பதியுங்கள். போனை இருக்கையில் வைக்காதீர்கள், அதிர்வும் ஏறிவிடும்.

‘டிக்’ வருவது அலை பாதியில் வெட்டுப்படுவதால். அலை நடுவிலுள்ள பூச்சியக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டி, 10 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் (முடிவு தேயத் தேயத் தொடக்கம் எழுவது) கொடுங்கள். ரயிலின் ‘தட-தட்’ நாலு ஜோடி முழுதாக எடுத்தால் தாளம் இடறாது. 1948-ல் பாரிஸின் பத்தின்யோல் நிலையத்தில் இன்ஜின்களைப் பதிந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர், இசைத்தட்டின் பள்ளத்தையே மூடிய வட்டமாக்கி இந்த லூப் வேலையைச் செய்தார்.

தட்டுக்கழி
எல்லாம் சரி, லூப் போட்டபின் கேட்பது எடிட்டரின் இசை இல்லையா? அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952-ல் பியானோக்காரரை 4 நிமிடம் 33 விநாடி ஒரு கட்டையும் தொடாமல் உட்காரவைத்தார்; அந்த நேரத்தில் அரங்கில் கேட்ட சத்தமே இசை. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. நான் அந்தக் கட்சி.

வேவ்ஃபைல்
அவரும் நேரத்தைக் குறித்துத்தானே வெட்டினார்!