ஹினேப்ரா ஆட்டம் பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

மணிலாவாசி:
பே ஏரியா டிராகன்ஸ் தொடர் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், ஆனாலும் ஒரு வரி: பிபிஏ என்ற பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து லீக்கின் இறுதித் தொடர், உள்ளூர் அணி ஹினேப்ராவும் ஹாங்காங்கிலிருந்து வந்த விருந்தினர் அணி டிராகன்ஸும். ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தாயிற்று, ஏழாவதுதான் கடைசி. 2023 ஜனவரி 15, ஞாயிறு, மணிலாவுக்கு வெளியே பொகாவே பிலிப்பைன் அரீனா. ஆபீஸ் நண்பன் டிக்கெட் எடுத்துவிட்டான், போனேன். எனக்குக் கூடைப்பந்து பள்ளிக்கூட பி.இ.டி. பீரியட் அளவுக்குத்தான் தெரியும்.

மேல் அடுக்கில் இடம். கீழே ஆடுகிறவர்கள் தீக்குச்சி மாதிரி தெரிந்தார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு லோலா, அதாவது பாட்டி, எழுபது வயது இருக்கும், சிவப்பு ஜெர்சி, முதுகில் ஹினேப்ரா நட்சத்திரம் பிரவுன்லீயின் 32. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவர் பார்த்தால் ஹினேப்ரா தோற்குமாம். காசு கொடுத்து, வரிசையில் நின்று உள்ளே வந்தவர் அன்றைக்குப் பார்த்தது என் முகத்தைத்தான். நான் சிரித்தால் சிரிப்பார், முகம் சுருங்கினால் சிலுவை போட்டுக்கொள்வார்.

மூன்றாவது குவார்ட்டரில் டிராகன்ஸ் ஆள் ஒருவன் எங்கிருந்தோ தூக்கி எறிந்த பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது. அந்த அழகில் யார் போட்டது என்று யோசிக்காமல் வாய் நிறையச் சிரித்துவிட்டேன். லோலா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். சுற்றிலும் ஒருத்தர்கூடக் கத்தவில்லை. தூக்கிய கை அப்படியே மெதுவாக இறங்கியது.

114-99, ஹினேப்ரா ஜெயித்தது. பிரவுன்லீ 34 பாயிண்ட். கூட்டம் 54,589 பேர் என்று அறிவித்தபோது அரங்கமே அதிர்ந்தது. லோலா என் நண்பனைக் கட்டிப்பிடித்தார், பக்கத்து வரிசைக்காரர்களைக் கட்டிப்பிடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கடலோடி:
அந்த ஆட்டம் நடந்தபோது எங்கள் கப்பல் செங்கடலில். மணிலாவில் சாயங்காலம் என்றால் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். சீஃப் குக் பிலிப்பினோ. நெட் கிடைக்கும் ஒரே மூலைக்கு ஓடுவார், வருவார், மெஸ் பலகையில் மெனுவை அழித்துவிட்டு ஸ்கோர் எழுதுவார். சோறு அடிப்பிடித்த வாசனை இன்ஜின் ரூம் வரை வந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார் மனிதர். கருகின சோற்றை ஒருவர்கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டதை அந்தக் கப்பலில் அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

ஆனால் நியாயமாகச் சொன்னால், டிராகன்ஸின் ஆண்ட்ரூ நிக்கல்சனுக்குக் கணுக்கால் திரும்பாமல் இருந்திருந்தால் கதை வேறு. இதைக் குக்கிடம் சொன்னேன். இரண்டு நாளைக்கு எனக்கு முட்டை வரவில்லை.

தாவோ மெடிக்கோ:
நான் அரங்கத்தில் பார்த்ததில்லை. எங்கள் ஹாஸ்டலுக்குக் கீழே வீட்டுக்காரம்மாவின் பெட்டிக்கடை, அங்கேதான் டிவி. அவரை "ஆத்தே" என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம். வந்த புதிதில் எங்கள் மதுரைப் பெண்கள் இதற்கே ஒரு வாரம் சிரித்தோம்.

ஆறாவது ஆட்டம். 87-84, ஹினேப்ராவுக்கு மூன்றே பாயிண்டில் போனது. அன்று பார்த்து என் கையில் வாடகைப் பணம். கொடுக்கலாம் என்று போனால், ஆத்தே டிவியை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். கையை மட்டும் ஆட்டினார், போ என்று. சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிவிட்டேன்.

குபாவ் குமார்:
கடலோடி அண்ணா, நிக்கல்சன் கதையை எத்தனை வருஷம் சொல்வீர்கள்? அவன் போனால் என்ன, மைல்ஸ் பவல் இருந்தானே. அவனை வைத்துத்தானே ஆறாவது ஆட்டத்தை ஜெயித்தார்கள்? கோச் வேறு பிரையன் கூர்ஜியன், ஆஸ்திரேலியாவுக்கு ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிக் கொடுத்தவர். 1980இல் நிக்கலஸ் ஸ்டூட்லி என்ற அமெரிக்க அணி பிபிஏ கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதை இங்கே பெரிசுகள் இன்னும் மறக்கவில்லை. அதே மாதிரி இன்னொரு தடவை நடந்துவிடுமோ என்ற பயம்தான் அத்தனை கூட்டத்தையும் அரீனாவுக்கு இழுத்தது.

என் அனுபவம் சின்னது. 2016 அக்டோபர், மெரால்கோ அணியோடு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், அரனேட்டா அரங்கம். பிரவுன்லீ கடைசி நொடியில் எறிந்து ஜெயிக்கவைத்தபோது நான் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்தேன். எட்டு வருஷம் கோப்பை இல்லாத அணி, நான் பார்த்தது கடைக்காரன் முதுகை. அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதல் ஆட்டத்துக்கே பொகாவே போகாதீர்கள், திரும்பி வரும் டிராஃபிக்கில் ஜெயித்த சந்தோஷமே வடிந்துவிடும். குபாவில் அரனேட்டா இருக்கிறது, ரயிலில் இறங்கி நடந்தே போகலாம். குத்துச்சண்டையில் அலியும் ஃப்ரேசியரும் 1975இல் மோதிய அதே இடம், அதே வருஷம்தான் பிபிஏவும் தொடங்கியது. கீழே விலை அதிகமான சீட் எடுக்காதீர்கள், அங்கே கைதட்டுவதோடு சரி. உச்சியில் ஜெனரல் அட்மிஷன்தான் ஹினேப்ராக் கூட்டம். ஹினேப்ராவின் பழைய நட்சத்திரம் ஜவோர்ஸ்கி உதட்டில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடிய 1985 கதையை அங்கே யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பத்தாவது தடவையானாலும் புதிதாகக் கேட்பது போலக் கேளுங்கள். பரம எதிரி மேக்னோலியா அணியோடு ஆட்டம் என்றால் எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள், நடுநிலை என்று சொன்னால் இரண்டு பக்கமும் திட்டு விழும். அப்புறம், "ஜினேப்ரா" என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.

மணிலாவாசி:
குமார், பாப்கார்ன் கதையைவிட அறிவுரை நீளம். என் லோலாவுக்கு என்ன பதில்?

குபாவ் குமார்:
லோலா செய்தது சரிதான். முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் ஏழாவது ஆட்டத்துக்கு வரக்கூடாது.

கடலோடி:
பவல் காலும் அடிபட்ட கால்தான், அதை விடுங்கள். தங்கச்சி, வாடகை என்ன ஆச்சு?

தாவோ மெடிக்கோ:
கோப்பை வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். ஜெர்சியைக்கூடக் கழற்றவில்லை. தாமதத்துக்கு நூறு பெசோ சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.