பேக்கப் டிஸ்க்கைச் செருகினால் தெரிவதில்லை, ரீபூட் செய்தால் தெரிகிறது

கேள்வி

எங்கள் அலுவலகக் கோப்புச் சர்வரில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. டிஸ்க்குகளை இணைக்கும் நான்கு சாட்டா ஸ்லாட்டுகளில் மூன்றில் ஹார்ட் டிஸ்க்குகள் நிரந்தரமாக உள்ளன. நான்காவதில் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் பேக்கப் டிஸ்க்கைச் செருகி, நகல் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். இரண்டு ஆண்டுகளாகச் சிக்கலின்றி நடந்த இது, மூன்று வாரமாக நடக்கவில்லை. செருகிய டிஸ்க் எதிலும் தென்படுவதில்லை, கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவில் ஒரு வரிகூட விழுவதில்லை. அதை உள்ளேயே வைத்து ரீபூட் செய்தால் உடனே வந்துவிடுகிறது. கேபிளையும் டிரேயையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில் 1

டிஸ்க் புதியதா? சாட்டா 3.3 தரத்துக்குப் பின் வந்த சில டிஸ்க்குகளில், மின் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் இருந்தால் டிஸ்க் சுழலாமலே கிடக்கும். டிரேயில் விரலை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்

அதிர்வு நன்றாகவே தெரிகிறது, ஐயா. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: யுபிஎஸ் பேட்டரி சீக்கிரம் இறங்குவதால், மூன்று வாரத்துக்கு முன்புதான் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவியான பவர்டாப்பின் ஆட்டோ-டியூனை (எல்லாச் சிக்கன அமைப்புகளையும் தானே இயக்கும் வசதி) பூட்டின்போதே ஓடும்படி வைத்தேன்.

பதில் 2

முதலிலேயே சொல்லியிருந்தால் கேபிள் செலவு மிஞ்சியிருக்கும். டிஸ்க்குக்கு மின்சாரம் போவது வேறு, போர்ட் விழித்திருப்பது வேறு. கெர்னலின் அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் சிஸ் கோப்பகத்தில் (/sys) ஸ்கஸி ஹோஸ்ட்டுகளுக்குக் (ஒவ்வொரு சாட்டா போர்ட்டும் ஒரு ஹோஸ்ட்டாகத் தெரியும்) கீழே உள்ள 'லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பாலிசி' கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'மின்_பவர்' என்று இருந்தால் (இந்த 'மின்' மின்சாரம் அன்று, மினிமம்), காலியாக உள்ள போர்ட்டின் இணைப்புப் பகுதியைக் கெர்னல் அணைத்தே வைத்துவிடும் என்பதால், பிறகு செருகப்படும் டிஸ்க் அனுப்பும் சைகையைக் கேட்க அங்கே ஆளில்லை. பூட்டின்போது பவர்டாப் ஓடுவதற்கு முன்பே போர்ட்டுகள் சோதிக்கப்படுகின்றன. ரீபூட்டில் மட்டும் டிஸ்க் தெரிவது அதனால்தான். நான்காம் போர்ட்டுக்கு மட்டும் 'மேக்ஸ்_பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதி, அந்த ஹோஸ்ட்டின் ஸ்கேன் கோப்பில் மூன்று சிறு கோடுகளை இடைவெளி விட்டு (- - -) எழுதுங்கள்; டிஸ்க்கை மீண்டும் தேடச் சொல்வது அது. ஹோஸ்ட் எண் சுழியத்தில் தொடங்கும். ஆகவே நான்காவது போர்ட் பெரும்பாலும் ஹோஸ்ட்3.

கேட்டவர்

'மின்_பவர்' என்றுதான் இருந்தது. மாற்றியபின்பும் வராததால் தேடியதில், அதே போர்ட்டின் ரன்டைம் பவர் கட்டுப்பாட்டையும் (வேலையில்லாதபோது உறங்கவைக்கும் அமைப்பு) பவர்டாப் 'ஆட்டோ' ஆக்கியிருந்தது தெரிந்தது. அதை 'ஆன்' ஆக்கி ஸ்கேன் செய்ததும் டிஸ்க் வந்துவிட்டது. பவர்டாப் ஒவ்வொரு பூட்டிலும் இவற்றைப் பழையபடி மாற்றிவிடும் என்பதால், அது முடிந்தபின் ஓடும் வரிகளாக இரண்டையும் அதன் சேவைக் கோப்பிலேயே சேர்த்துள்ளேன். மற்ற மூன்று போர்ட்டுகளையும் மாற்ற வேண்டுமா?

பதில் 2

அன்றாடம் வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்று டிஸ்க்குகளும் ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) இருந்து, ஒன்று பழுதாகி, சர்வரை நிறுத்தாமல் மாற்ற நேர்ந்தால், கழற்றுவதற்கு முன் அந்தப் போர்ட்டுக்கும் இதையே செய்யுங்கள்.